அயர்லாந்துக் குடியானவரின் மழைக்குறிகளும் சகுனங்களும்



ஐரோப்பாக் கண்டத்தின் மேற்குக் கோடியில், அட்லாண்டிக் மாகடலின் அலைகளை முதலில் ஏற்று நிற்கும் அயர்லாந்து என்னும் தீவின் கிராமவாசிகள் மழையையும் வெயிலையும் எவ்வாறு முன்னறிந்தார்கள் என்பதைப் பற்றியும், எவற்றுக்கெல்லாம் அஞ்சி வாழ்ந்தார்கள் என்பதைப் பற்றியும் இன்று உங்கள் முன் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். இவ்விரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மூடநம்பிக்கை என்று பெயரிட்டு மூலையில் ஒதுக்கிவிடுவது படித்தவர்களிடையே நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். என் அபிப்பிராயம் வேறு. வானத்தைப் பார்த்து மழை சொன்ன அறிவு நாள்தோறும் பரீட்சைக்கு உட்பட்ட அறிவு; காலையில் சொன்னது மாலைக்குள் பொய்த்துப்போனால், சொன்னவனுடைய புல்லே நனைந்து அழுகும். அச்சத்தினால் பிறந்த சகுனங்களோ எந்நாளும் பரீட்சைக்கு உட்படாதவை. தீங்கு நேர்ந்தால் சகுனம் பலித்தது என்பார்கள், நேராவிட்டால் பரிகாரம் பலித்தது என்பார்கள். ஆயினும் இரண்டும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பின் முன் அமர்ந்து, ஒரே கவலையால் பேசப்பட்டவை. அந்தக் கவலை இன்னதென்று அறியாதவர்களுக்கு இவற்றுள் எதுவும் விளங்காது.

முதலில் மழையைப் பற்றிச் சொல்லுகிறேன். அயர்லாந்தின் கிழக்குப் பகுதியில் ஆண்டுக்கு ஏறக்குறைய 150 நாட்களும், மேற்கே சில இடங்களில் 225 நாட்கள் வரையிலும் மழை பெய்கிறது. ஆதலால் அந்நாட்டு உழவனுக்கு மழை வருமா என்ற ஏக்கம் இல்லை. மழை எப்பொழுது ஓயும், ஓய்ந்தால் எத்தனை நாள் ஓய்ந்திருக்கும் என்பதே அவனுடைய ஏக்கம். கோடையில் புல்லை அறுத்து, புரட்டிப் புரட்டி உலர்த்தி, போராக அடுக்கினால்தான் அவனுடைய மாடுகள் குளிர்காலத்தைக் கடக்க முடியும். அதற்குத் தொடர்ந்து சில நாள் வெயில் வேண்டும். சதுப்பு நிலத்துக் கரிமண்ணைக் கட்டிகளாக வெட்டி, காற்றிலே உலர்த்தி வைத்தால்தான் ஆண்டு முழுவதும் அடுப்பு எரியும். அதற்கும் வெயில் வேண்டும். பஞ்சாங்கமோ பத்திரிகையோ கைக்கு எட்டாத ஒரு குடியானவன், அரிவாளைத் தோளில் இட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்று, இன்று அறுக்கலாமா வேண்டாமா என்று தீர்மானம் செய்யவேண்டிய அந்தக் கணத்தில், அவனுக்குத் துணை நின்றவை அவனுடைய கண்ணும் காதும் பாட்டனாரின் வாக்கும் மட்டுமே.

தொலைவிலுள்ள மலை திடீரென்று அருகில் வந்து நிற்பதுபோல் தெளிவாகத் தோன்றினால் மழை வரும் என்று மேற்குக் கடற்கரைக் கிராமங்களில் எல்லோரும் சொல்லுவார்கள். இதில் மாயம் ஏதும் இல்லை. வெயில் நிலைத்திருக்கும் நாட்களில் அசையாத காற்றிலே புகையும் தூசியும் தங்கி மலையை மங்கலாக்குகின்றன. கடற்பக்கத்திலிருந்து புதிய காற்று புகுந்தவுடன் அந்த மங்கல் அகன்றுவிடுகிறது, அந்தக் காற்றின் பின்னாலேயே மழையும் வருகிறது. தகைவிலான் குருவிகள் தரையைத் தொட்டாற்போலத் தாழப் பறந்தால் மழை என்பார்கள். ஈரம் மிகுந்த காற்றில் பூச்சிகள் உயரே எழாமல் தாழ்ந்து திரிய, அவற்றை இரையாகக் கொள்ளும் பறவையும் தாழ்ந்து பறக்கிறது என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். நிலவைச் சுற்றிக் கோட்டை கட்டியிருந்தால் மழை அணித்தே உள்ளது என்பது நம்மவர்க்கும் பழக்கமான குறிதான்; மிக உயரத்தில் பரவும் மெல்லிய மேகத்திலுள்ள பனித்துகள்களில் ஒளி வளைவதால் அந்த வட்டம் தோன்றுகிறது, அத்தகைய மேகமோ அட்லாண்டிக் புயல்மழைக்கு முன்னதாகவே வந்து வானத்தை மூடும் இயல்புடையது. வீட்டின் தளக்கற்கள் வியர்ப்பதும், புகைபோக்கியிலிருந்து கரி உதிர்வதும், புகை மேலே எழாமல் கூரையின்மீது படிவதும், கடற்காக்கைகள் உள்நாட்டு வயல்களில் வந்து இறங்குவதும் இவ்வாறே காற்றின் ஈரத்தையும் அழுத்தத்தையும் கடலின் கொந்தளிப்பையும் தம்மளவில் தெரிவிப்பவை. பூனை நெருப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் புயல் என்ற வாக்கை இவற்றோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. குளிர் நாட்டுப் பூனை எந்தக் காலத்திலும் அப்படித்தான் உட்காரும்.

அன்றாடக் குறிகளைத் தாண்டி, ஆண்டு முழுவதையும் அளந்து சொல்லும் வாக்குகளும் அவர்களிடம் உண்டு. பிப்ரவரி 1-ஆம் நாள் பிரிஜித் என்னும் புனித அம்மையாரின் திருநாள். கோரைப்புல்லால் சிலுவை முடைந்து வீட்டுக்குள் செருகி வைப்பார்கள். முதல் நாள் இரவு ஒரு துணியை வெளியில் இட்டு வைத்து, அம்மையார் அதைத் தொட்டு ஆசீர்வதித்ததாகக் கொண்டு, ஆண்டு முழுவதும் தலைவலிக்கு அதையே மருந்தாகத் தலையில் கட்டுவார்கள். அன்று முதல் ஒன்றுவிட்டு ஒரு நாள் வெயில் அடிக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. இது வானிலைக் கணக்கு அன்று. நீண்ட குளிரையும் இருளையும் பொறுத்துக் கிடந்தவர்களின் ஆசை. ஜூலை 15-இல் மழை பெய்தால் தொடர்ந்து 40 நாள் பெய்யும் என்ற சுவிதின் முனிவரின் வாக்கு இங்கிலாந்திலிருந்து வந்தது. சொல்லியபடி அது நடப்பதில்லை என்பதோடு அதை விட்டுவிடலாம்.

வரிப்பசுவின் கதை அத்தகையதன்று. மார்ச்சு மாதக் கடுங்குளிரைத் தாண்டிவிட்ட ஒரு கிழட்டு வரிப்பசு, இனி மார்ச்சு மாதத்தால் என்னை என்ன செய்ய முடியும் என்று வாலை உயர்த்தி இறுமாந்ததாம். அதைக் கேட்டுச் சினந்த மார்ச்சு மாதம், ஏப்ரலிடத்தில் மூன்று நாட்களைக் கடனாக வாங்கி, பனியும் வாடையும் கலந்து வீசி, அந்தப் பசுவைக் கொன்று தோலை உரித்துவிட்டதாம். ஏப்ரல் தொடக்கத்து நாட்களுக்கு வரிப்பசுவின் நாட்கள் என்றே அவர்கள் பெயரிட்டு வழங்குகிறார்கள். கேட்பதற்குக் குழந்தைக் கதைபோலத் தோன்றும் இதனுள், மாடு வளர்ப்போர் அனைவரும் மனத்தில் இருத்தவேண்டிய எச்சரிக்கை பொதிந்திருக்கிறது. ஏப்ரல் தொடங்கும்போது போரிலுள்ள புல் தீர்ந்திருக்கும். வயலில் புதுப்புல் இன்னும் முளைத்திருக்காது. ஐந்து மாதம் அரைவயிறாகக் கிடந்த மாட்டின் உடம்பில் வலிமை இராது. வெயிலைக் கண்டு ஏமாந்து அதை வெளியில் ஓட்டிவிட்டால், திரும்பி வரும் மூன்று நாள் குளிரில் அது மாண்டுபோகும். இதை ஒரு விதியாகச் சொல்லியிருந்தால் இளைஞர்கள் மறந்திருப்பார்கள். பசுவின் செருக்காகச் சொல்லியதால் நூற்றாண்டுகள் கடந்தும் நிலைத்திருக்கிறது.

எந்தக் குறியும் முன்னறிவிக்காத ஒரு புயலும் அந்நாட்டின் நினைவில் உண்டு. 1839 ஜனவரி 6-ஆம் நாள், கிறிஸ்துமஸ் விழாக்காலத்தின் கடைசி நாள், இயல்புக்கு மாறான வெப்பமும் அசைவற்ற காற்றுமாகக் கழிந்தது. அன்றிரவு எழுந்த சூறாவளி கூரைகளைப் பெயர்த்து, மரங்களைச் சாய்த்து, அடுப்பு நெருப்பைச் சிதறடித்து வீடுகளை எரித்து, 250 முதல் 300 பேர் வரை உயிர் மாளச் செய்தது. தேவதைகள் அனைவரும் அன்றிரவு அயர்லாந்தை விட்டே போய்விட்டார்கள் என்று பலர் நம்பினார்கள். ‘பெருங்காற்று இரவு’ என்று அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. எழுபது ஆண்டுகளுக்குப் பின் இந்த இரவு அரசாங்க அலுவலகத்துக்குள்ளும் நுழைந்தது. 1908-இல் இயற்றப்பட்ட முதியோர் ஓய்வூதியச் சட்டத்தின்படி, 1909 ஜனவரி முதல், 70 வயது நிரம்பிய ஏழைகளுக்கு வாரத்துக்கு 5 ஷில்லிங் வரை கிடைக்கும் என்று ஏற்பட்டது. அயர்லாந்திலோ பிறப்புகளைப் பொதுவாகப் பதிவு செய்யும் வழக்கம் 1864-இல்தான் தொடங்கியது. கிழவர்களிடத்தில் வயதுக்கு அத்தாட்சி ஏதும் இல்லை. ஆகவே பெருங்காற்று இரவு உனக்கு நினைவிருக்கிறதா என்று கேட்டு, நினைவிருக்கிறது என்றவரை எழுபது கடந்தவராக ஏற்றுக்கொண்டார்கள். ஏடு இல்லாத மக்களுக்கு வானமே ஏடாக நின்றதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் அறிந்ததில்லை.

இயற்கைக் குறிகளைப் படித்த அதே மேற்குக் கரையில் கருவிகளைக் கொண்டு படிக்கும் சாஸ்திரமும் வந்து சேர்ந்தது. கெர்ரி மாவட்டத்து வாலென்ஷியா தீவிலிருந்து 1860 அக்டோபர் முதல் வானிலைத் தந்திகள் லண்டனுக்குச் சென்றன. மேயோ மாவட்டத்தில் பிளாக்சாட் என்னும் இடத்தில், 1944 ஜூன் மாதத் தொடக்கத்தில், மாரீன் ஃபிளாவின் என்ற இளம்பெண் காற்றழுத்தமானி விரைந்து இறங்குவதைக் குறித்து அனுப்பிய செய்தி, இரண்டாம் உலகப் போரில் நார்மண்டிக் கரையில் இறங்கக் காத்திருந்த நேசநாட்டுப் படைகளின் புறப்பாட்டை ஜூன் 5-இலிருந்து 6-க்குத் தள்ளிவைக்கக் காரணமான செய்திகளுள் முக்கியமானது. ஐரோப்பாவுக்குப் போகும் மழை முதலில் அங்கேதான் இறங்குகிறது. வாசலில் நின்று மேற்கே நோக்கிய குடியானவனும், கருவியின் முன் அமர்ந்து மேற்கே நோக்கிய அந்தப் பெண்ணும், பார்க்கவேண்டிய திசையைப் பற்றி வேறுபட்டவர்கள் அல்லர்.

இனி அச்சத்தின் பக்கம் திரும்புவோம். அயர்லாந்துக் கிராமத்தின் அச்சங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அவற்றுள் மிகப் பெரும்பாலானவை பாலையும் வெண்ணெயையும் சுற்றியே நிற்பதைக் காணலாம். மே மாதம் 1-ஆம் நாள் வீட்டிலிருந்து நெருப்பும் பாலும் வெளியே போகக்கூடாது. கொடுத்தால் அந்த ஆண்டு முழுவதற்குமான வெண்ணெய் அண்டை வீட்டுக்குப் போய்விடும். அன்று விடியலில் ஒருத்தி பிறர் வயலின் பனியைத் துணியால் ஒற்றி எடுத்தாலும் அவர்களுடைய பால்வளம் முழுவதும் அவளைச் சேர்ந்துவிடும். முயல் உருவெடுத்த கிழவி மாட்டின் மடியில் வாய்வைத்துப் பாலைக் குடித்துவிடுகிறாள் என்ற நம்பிக்கையை, 12-ஆம் நூற்றாண்டில் அயர்லாந்தைக் கண்டு எழுதிய வேல்ஸ் நாட்டுப் பாதிரியார் கிரால்டஸ் அப்போதே குறித்திருக்கிறார். ஆதலால் மே மாத முதல் நாளுக்கு முந்திய மாலையில் வாசற்படியில் மஞ்சள் பூக்களைத் தூவுவார்கள். தொழுவத்தில் ரோவன் மரக்கிளையைச் செருகுவார்கள். தாழியில் உப்பை இடுவார்கள், அதன் அடியில் இரும்பை வைப்பார்கள். வெண்ணெய் கடையும் வேளையில் வீட்டுக்குள் வந்தவர் யாராயினும், வேலையை வாழ்த்தி, மத்தைப் பிடித்துச் சற்றே கடைந்துவிட்டுத்தான் அப்பால் போகவேண்டும். மறுத்தவரிடத்தில் சந்தேகம் விழும்.

ஏன் வெண்ணெய்? அந்நாட்டின் வரலாற்றைத் தெரிந்தவர்களுக்கு இது விடையற்ற கேள்வி அன்று. உருளைக்கிழங்கு அந்தக் குடும்பம் உண்பதற்கு, வெண்ணெய் விற்பதற்கு. விற்ற காசு பெரும்பாலும் நிலச்சுவான்தாருக்குச் செலுத்தும் குத்தகைக்கே சென்றது. கார்க் நகரத்து வெண்ணெய்ச் சந்தை உலகின் மிகப் பெரிய வெண்ணெய்ச் சந்தைகளுள் ஒன்றாக விளங்கிய காலத்தில், அங்கே சென்ற ஒவ்வொரு பீப்பாயின் பின்னாலும் குத்தகை கட்டாவிட்டால் வீட்டை இழக்க நேரும் குடும்பங்கள் நின்றுகொண்டிருந்தன. அந்தக் குத்தகையைச் செலுத்தும் தவணை பல இடங்களில் மே மாதத் தொடக்கத்திலும் நவம்பர் தொடக்கத்திலும் அமைந்திருந்தது என்பதை நாம் கவனிக்கவேண்டும். தேவதைகள் நடமாடுவதாக மக்கள் மிகவும் அஞ்சிய இரவுகளும் இவையே. பழைய கெல்டியப் பருவ விழாக்கள் இந்நாட்களில் வந்தன என்பது உண்மைதான். ஆனால் பழைமை ஒன்றினால் மட்டும் ஓர் அச்சம் ஆயிரம் ஆண்டு உயிரோடிருக்க முடியாது. ஆண்டுதோறும் அதே நாளில் வீடு பறிபோகுமோ என்ற நடுக்கம் அதற்கு உணவிட்டுக்கொண்டே வந்திருக்கிறது என்பது என் எண்ணம். பாலேடு மிகவும் குளிர்ந்திருந்தாலோ சூடேறியிருந்தாலோ வெண்ணெய் திரளாது. தாழி சுத்தமாக இல்லாவிட்டாலும் கெடும். இதை அறியாத வீட்டுக்காரி, திரளாத தாழியின் முன் மணிக்கணக்காகக் கைசலித்து நின்று, இதை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டாள். அந்தக் கேள்விக்கு விடையாக அகப்பட்டவள் பெரும்பாலும் தனித்து வாழ்ந்த ஏழைக் கிழவியே. இந்தக் கொடுமையை நாம் மறைத்துப் பேசக்கூடாது.

வேறு சில தடைகள் விவேகத்துக்கு வேலியாகவே நின்றவை. ஜூலை மாதக் கடைசி ஞாயிற்றுக்கு முன்னதாகப் புதுக்கிழங்கைத் தோண்டக்கூடாது என்பார்கள். பழங்கிழங்கு தீர்ந்து பசி மிகுந்த அந்த மாதத்தில், முற்றாத கிழங்கைத் தோண்டித் தின்றுவிட்டால் குளிர்காலத்துக்கு ஒன்றும் மிஞ்சாது. நவம்பர் பிறந்தபின் காட்டு முள்ளிப்பழங்களைப் பூக்கா என்னும் பூதம் எச்சிற்படுத்திவிடுகிறது என்று குழந்தைகளைத் தடுப்பார்கள். உறைபனி விழுந்தபின் அந்தப் பழங்கள் பூஞ்சணம் பிடித்துக் கெட்டுப்போவது கண்கூடு.

தேவதைகள் என்று நான் சொல்லுவது சிறகு முளைத்த சின்னஞ்சிறு உருவங்களை அல்ல. வானுலகில் நடந்த போரில் கடவுளின் பக்கமும் சேராமல் சாத்தானின் பக்கமும் சேராமல் நின்றதால் பூமிக்குத் தள்ளப்பட்டவர்கள் என்று கிராமத்தார் அவர்களைக் கருதினார்கள்; பெயர் சொல்லி அழைக்க அஞ்சி, நல்லவர்கள் என்றே மரியாதையாகக் குறிப்பிட்டார்கள். அவர்களுடைய இருப்பிடங்கள் வயல்களின் நடுவே வட்ட வடிவமாக எழுந்துள்ள மண்மேடுகள். கி.பி. 500-க்கும் 1000-க்கும் இடைப்பட்ட காலத்தில் குடியானவர்கள் தம் வீட்டையும் மாட்டையும் காக்க எழுப்பிய அரண்கள் அவை என்று தொல்பொருள் ஆராய்ச்சி சொல்லுகிறது. ஏறக்குறைய 45,000 அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. நிலத்துக்கு அவ்வளவு பசி இருந்த நாட்டில், இத்தனை மேடுகள் ஏர்முனைக்குத் தப்பி நின்றதற்கு அச்சம் ஒரு பெருங்காரணம். அவற்றைக் காக்கும் அரசாங்கச் சட்டம் வந்தது மிகவும் பிற்காலத்தில்.

தனித்து நிற்கும் முள்மரத்துக்கும் இதே மதிப்பு உண்டு. 1999-இல் கிளேர் மாவட்டத்து லட்டூன் என்னும் இடத்தில் நெடுஞ்சாலை அமைக்கும் வேலையின் பொருட்டு அத்தகைய மரம் ஒன்றை வெட்ட ஏற்பாடாயிற்று. எடி லெனிஹன் என்ற கதைசொல்லி, கானாட் மாகாணத்துத் தேவதைகளோடு போரிடச் செல்லும் மன்ஸ்டர் தேவதைகள் கூடுமிடம் அது என்று முதியோர் சொல்லக் கேட்டதை எடுத்துக்காட்டி, மரத்தை வெட்டினால் அந்தச் சாலையில் உயிர்ச்சேதம் நேரும் என்று பத்திரிகையில் எழுதினார். முடிவில் மரத்தைக் காத்தே சாலை அமைந்தது. அதைப் பிற்போக்கு என்று பழிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். ஒரு மரத்தைக் காப்பதற்கு ஆயிரம் ஆண்டு நினைவு போதுமான காரணம்தான்.

ஆனால் நல்லவற்றை மட்டும் தெரிந்து சொல்லிப் போவது உங்களுக்குச் செய்யும் துரோகம். டிப்பரேரி மாவட்டத்தில் பாலிவாட்லி என்னும் ஊரில், 1895 மார்ச்சு மாதத்தில், பிரிஜித் கிளியரி என்ற 26 வயதுப் பெண் நோயுற்றுப் படுத்தாள். தையல் தொழில் செய்து, கோழி வளர்த்து முட்டை விற்று, தன் சம்பாத்தியத்தில் நின்றவள். படுத்திருப்பவள் என் மனைவி அல்லள், தேவதைகள் அவளைக் கொண்டுபோய் இவளை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று அவள் கணவன் மைக்கேல் கூறினான். உறவினர்கள் பார்த்திருக்க, மூலிகைக் கஷாயத்தை வலுக்கட்டாயமாகப் புகட்டி, நீ யார் என்று திரும்பத் திரும்பக் கேட்டு, இறுதியில் அவளை நெருப்புக்கு இரையாக்கினான். அதன்பின்னும் வெள்ளைக் குதிரையின்மேல் உண்மை மனைவி வெளிவருவாள் என்று மண்மேட்டின் அருகே இரவில் காத்திருந்தான். நீதிமன்றம் அவனுக்கு 20 ஆண்டுச் சிறை விதித்தது. இத்தகைய மக்களுக்கா சுயாட்சி என்று ஆங்கிலப் பத்திரிகைகள் சில ஏளனம் செய்தன. அந்த ஏளனத்துக்கு அஞ்சி அயர்லாந்தில் பலர் இதைப் பேசவே கூசினார்கள். ஏளனமும் தவறு, மௌனமும் தவறு. ஒரு நோயாளியின் முகத்தைப் பார்த்து இவள் இவள் அல்லள் என்று சொல்லத் துணியும் நம்பிக்கை, மழைக்கு அஞ்சிப் புல்லை மூடும் நம்பிக்கையோடு ஒன்றாக வைத்து எண்ணத்தக்கதன்று.

இவற்றையெல்லாம் முறையாகக் குறித்துவைக்கவேண்டும் என்ற எண்ணம் ஒரு பேரழிவின் பின்னரே வலுப்பெற்றது. 1845 முதல் கிழங்குப் பயிர் அழுகி, பத்து லட்சம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டு, அதற்கும் அதிகமானோர் கடல் கடந்து போன பிறகு, கண் வைத்தியரும் எழுத்தாளர் ஆஸ்கார் வைல்டின் தந்தையாருமான வில்லியம் வைல்டு, 1852-இல் வெளியிட்ட நூலில், சொல்லுவாரும் இல்லாமல் கேட்பாரும் இல்லாமல் பழைய வழக்கங்கள் மறைந்துபோவதை வருந்தி எழுதினார். விடுதலை பெற்ற அயர்லாந்து 1935-இல் நாட்டுப்புற வழக்காற்று ஆணையம் ஒன்றை நிறுவி, ஜேம்ஸ் டெலார்கி என்ற அறிஞரை அதன் இயக்குநராக்கியது. அந்த ஆணையம் செய்த காரியங்களுள் மிகச் சிறந்தது, 1937 முதல் 1939 வரை பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு நடத்திய சேகரிப்பு. ஏறக்குறைய 5,000 தொடக்கப்பள்ளிகளில் 11 முதல் 14 வயது வரையுள்ள 50,000 பிள்ளைகள், வாரந்தோறும் எழுதவேண்டிய கட்டுரைக்குப் பதிலாக, வீட்டிலும் அண்டையிலும் உள்ள முதியோரிடம் மழைக்குறியும் மருந்தும் பேய்க்கதையும் புதையல் கதையும் கேட்டு, அயர்லாந்து மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதி வந்தார்கள். சுமார் 7,40,000 பக்கங்கள் சேர்ந்தன. அதிகாரி ஒருவர் நோட்டுப்புத்தகத்தோடு வந்து கேட்டிருந்தால் வாய் திறந்திருக்க மாட்டாள் அந்தப் பாட்டி. பேரன் கேட்டதால் சொன்னாள். பேரனும் அதைத் திருத்தாமல், அவள் சொல்லியபடி எழுதினான்.

அந்த ஆணையத்தின் தொகுப்பு 2017-இல் யுனெஸ்கோ நிறுவனத்தின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது. பள்ளிப் பிள்ளைகளின் சேகரிப்பு இப்பொழுது கணினி வழியாக யாரும் வீட்டிலிருந்தே படிக்கும்படி திறந்து வைக்கப்பட்டிருக்கிறது. இங்குள்ள இளைஞர்களில் யாரேனும் அதற்குள் புக விரும்பினால், தேவதைக் கதைகளுக்கு ஓடுவதற்கு முன், அதே ஊர்ப் பிள்ளைகள் எழுதிய மழைக்குறிப் பக்கங்களைச் சற்றுப் பொறுமையோடு படித்துவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்த வீடுகளில் எதற்காகக் கவலைப்பட்டார்கள் என்பது அங்கேதான் முதலில் தெரியவரும்.